உப்பு வெள்ளை என்றால் எந்த வெள்ளை?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பலர் மரக்காணத்தில் வண்டியை ஓரங்கட்டுவார்கள். சாலையை ஒட்டியே பாத்தி பாத்தியாக உப்பளம். வரப்பில் வரிசையாக உப்புக் குவியல்கள், தலையில் கூடையோடு அவற்றை நோக்கி நடக்கும் பெண்கள். பார்த்ததும் கைப்பேசியை எடுக்கத் தோன்றும் காட்சி அது. வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டினால் ஒன்றில் உப்பு நீலமாக இருக்கிறது. அடுத்ததில் பழைய வேட்டிபோல மஞ்சள். மூன்றாவதில் சாம்பல். ஒரே இடத்தில், ஐந்து நிமிட இடைவெளிக்குள், ஒரே கருவியில் எடுத்த படங்கள். நேரில் பார்த்ததோ பளீரென்ற வெள்ளை.

கருவி கெட்டுப்போகவில்லை. கண் செய்து கொடுக்கும் ஒரு வேலையைக் கருவியால் அப்படியே செய்ய முடியவில்லை என்பதுதான் விஷயம்.

பழுப்புநிறக் கூலிங் கிளாஸ் போட்டவுடன் உலகம் பழுப்பாகத் தெரியும். சில நிமிடம் கழித்து அந்தப் பழுப்பு மறந்துபோகும்; வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரியும். கழற்றியவுடன் எல்லாம் நீலம் பூத்ததுபோல இருக்கும். விழும் ஒளியின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் நமக்குக் காட்ட மூளை ஓயாமல் முயல்கிறது. குண்டு பல்பின் கீழும், டியூப் லைட்டின் கீழும், மர நிழலிலும் சோறு நமக்கு வெள்ளைச் சோறுதான். கேமராவின் உணரிக்கு இந்தப் பழக்கம் கிடையாது. விழுந்த ஒளியை அப்படியே எண்களாக்கும். அந்த எண்களில் ஒளியின் நிறத்தை ஈடுகட்டும் கணக்குக்குத்தான் ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். வெண்சமநிலை என்றும் எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கு நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். வெள்ளை வேட்டி மஞ்சளடித்தால் அலசும் தண்ணீரில் சொட்டு நீலம் விடுவோம். மஞ்சளும் நீலமும் எதிர்நிறங்கள் என்பதால் ஒன்றை ஒன்று அடக்கி, துணி வெள்ளையாகத் தெரிகிறது. இரண்டு சொட்டு கூடினால் வேட்டியே நீலமாகிவிடும். கேமரா செய்வதும் இதே வேலை. எத்தனை சொட்டு என்று தீர்மானிப்பதில்தான் அது தடுமாறுகிறது.

ஒளியின் நிறத்தை அளக்க ஓர் அலகு உண்டு: கெல்வின். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு ஆரஞ்சாகும், மேலும் காய்ச்சினால் வெள்ளையை நெருங்கும். சூடு ஏற ஏற ஒளி சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகர்கிறது. அந்த வெப்பநிலை எண்ணையே ஒளியின் நிறத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின், குண்டு பல்பு 2700 முதல் 2800, நடுப்பகல் வெயில் 5500 அளவில், மேகம் மூடிய வானம் 6500, வெயில் படாமல் திறந்த வானத்தின் ஒளி மட்டும் படும் நிழல் 7500 அல்லது 8000. இவை தோராயமான எண்கள்தான். ஆனால் ஒரு காலைப்பொழுதுக்குள் மரக்காணத்தில் எவ்வளவு மாற்றம் நடக்கிறது என்பதை இவை காட்டும். கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் நேரே தண்ணீரிலிருந்து எழுகிறது. விடியுமுன் நீல ஒளி, எழுந்தவுடன் செம்மஞ்சள், ஒன்பது மணிக்கெல்லாம் கண் கூசும் வெள்ளை. வெயிலுக்கு முந்திக்கொள்ள உப்பளத்தில் வேலை அதிகாலையிலேயே தொடங்கிவிடும். அதனால் இந்த மூன்று ஒளியும் ஒரே ஆளின்மேல் ஒரே வேலைநேரத்தில் படுகின்றன.

நிழல் ஏன் நீலம்? காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீள ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. இயற்பியலாளர் ராலே 19-ஆம் நூற்றாண்டில் கண்ட கணக்குப்படி, 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறும். உப்புக் குவியலின் மறுபக்கத்தில் சூரியன் நேராகப் படுவதில்லை. வானம் மட்டுமே விளக்கு. அந்த விளக்கு நீலம். கடற்கரையில் வானம் நாலாபுறமும் திறந்துகிடப்பதால் ஊருக்குள் இருப்பதைவிட இந்த நீலம் கூடுதலாகவே தெரியும்.

இனி கேமராவுக்குள் போவோம். பெரும்பாலான உணரிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மிகச்சிறிய வண்ண வடிகட்டிகள் பதிந்திருக்கும். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்த அமைப்பு இது. 1976-இல் காப்புரிமை கிடைத்தது. நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். வெண்சமநிலை என்பது, சிவப்பின் எண்களை ஏதோ ஓர் அளவாலும் நீலத்தின் எண்களை வேறோர் அளவாலும் பெருக்கி, பச்சைக்குச் சமமாகக் கொண்டுவருவது. அவ்வளவுதான். வெள்ளைப் பொருளிலிருந்து வரும் மூன்று எண்களும் சமமாகிவிட்டால் கணக்கு சரி.

எந்த அளவால் பெருக்குவது? தானியங்கி முறையில் கேமரா ஊகிக்கிறது. பழைய ஊகங்களில் ஒன்று, ஒரு காட்சியிலுள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்பது. இன்னொன்று, சட்டகத்தில் மிகப் பிரகாசமான இடம் வெள்ளையாக இருக்கும் என்பது. இன்றைய கருவிகள் இவற்றோடு இன்னும் பலவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அடிப்படை ஊகம்தான். கடைத்தெருவில், கல்யாண மண்டபத்தில் இது பெரும்பாலும் பலிக்கும். உப்பளத்தில் பலிப்பதில்லை. கேமராவை வானமும் தண்ணீரும் நிறையும்படி பிடித்தால் ‘நீலம் அதிகம்’ என்று முடிவுகட்டி மஞ்சளைச் சேர்க்கும். கொஞ்சம் தாழ்த்தி மண் வரப்பு நிறையும்படி பிடித்தால் நீலத்தைச் சேர்க்கும். ஒளி மாறவில்லை, உப்பு மாறவில்லை. நீங்கள் பிடித்த கோணம் மாறியது. பத்துப் படத்தில் பத்து வெள்ளை வருவதற்குக் காரணம் இதுதான். ஒரு படம் கொஞ்சம் மஞ்சளாக இருப்பது பெரிய குறை அல்ல; ஒரு தொடரில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருந்தால்தான் திருத்தவே வழியில்லாமல் போகும். ஆகவே முதல் காரியம், தானியங்கி முறையை விட்டு வெளியே வருவது.

கெல்வின் எண்ணை நாமே வைக்கும்போது ஒரு குழப்பம் வரும். 7500 என்று வைத்தால் படம் நீலமாகும் என்று நினைப்போம், மஞ்சளாகும். ‘இங்கே ஒளி நீலமாக இருக்கிறது’ என்று கேமராவுக்குத் தகவல் சொல்கிறோம். அது எதிர்நிறமான மஞ்சளைக் கூட்டி ஈடுகட்டுகிறது. அந்தத் தகவல் பொய்யாக இருந்தால் கூட்டிய மஞ்சள் அப்படியே தங்கிவிடும்.

அடுத்த கேள்விக்கு மரக்காணத்தில் எல்லோருக்கும் ஒரே விடைதான் தோன்றும். வெள்ளையான ஒன்றைக் காட்டிக் கேமராவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், இத்தனை உப்பு இருக்கிறதே, அதையே காட்டினால் போதாதா?

போதாது. உப்புப் படிகத்துக்குச் சொந்தமாக நிறமே இல்லை. அது கண்ணாடித் துண்டுபோல. நொறுங்கிய கண்ணாடி வெள்ளையாகத் தெரிவதுபோல, ஆயிரக்கணக்கான முகங்களில் ஒளி சிதறுவதால் குவியல் வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே வெயில் படும் பக்கத்தில் வெயிலின் நிறம், மறுபக்கத்தில் வானத்தின் நிறம், ஈரமாக இருந்தால் அருகிலிருப்பதன் நிறமும் சேரும். பாத்தியிலிருந்து வாரியவுடன் அடிமண் கலந்து லேசான சாம்பலோ பழுப்போ இருக்கும். காய்ந்த பிறகு வேறொரு வெள்ளை. ஒரே குவியலில் நான்கு இடத்தைத் தொட்டால் நான்கு விடை வரும். இதைவிடப் பெரிய சிக்கல், வெயிலில் உப்பு அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருப்பது. உணரி தாங்கும் எல்லையைத் தாண்டிய இடத்தில் மூன்று நிற எண்களும் உச்சியில் முட்டி நிற்கும். அங்கே ஒளியின் நிறம் என்னவென்ற தகவலே பதிவாவதில்லை.

வெள்ளைத் தாளும் உதவாது. அச்சுத் தாள்களில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். சலவைத்தூளிலும் இதே பொருள் இருப்பதால் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் பகலில் நீலச் சாய்வோடுதான் இருக்கும். சொட்டு நீலம் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வேண்டியது சாம்பல் அட்டை. கிரே கார்டு என்று கேமராக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். விழும் ஒளியில் 18 சதவீதத்தை, எல்லா நிறத்திலும் ஒரே அளவாகத் திருப்பும்படி செய்யப்பட்டது வழக்கமான அட்டை. சரியான சாம்பலுக்குச் சொந்தச் சாய்வு இல்லாததால் ஒளியின் சாய்வை மட்டும் காட்டும். 1976-இல் வெளியான மேக்பெத் கலர் செக்கர் என்னும் 24 கட்ட அட்டையில் கடைசி வரிசை முழுக்க வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஆறு நிறமற்ற கட்டங்கள். மற்றவற்றில் தோல், இலை, வானம் ஆகியவற்றின் நிறங்களும் உண்டு. துணிக்கடை, அருங்காட்சியகம் போன்றவற்றுக்குப் படம் எடுப்பவர்களுக்கு அது தேவை. மற்றவர்களுக்குச் சாம்பல் அட்டையே போதும்.

அட்டை வாங்க இயலாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. குழாய் வேலை செய்பவர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் எந்த ஹார்டுவேர் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். அதைக் கையளவு அட்டையின்மேல், அடியிலுள்ள நிறம் துளியும் தெரியாதபடி பல அடுக்காகச் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் ஏறத்தாழ ஒரே சீராகத் திருப்பும் பொருள் அது. ஆய்வகங்களில் ஒளியளவுக்கு வைத்திருக்கும் வெள்ளைத் தகடுகளையும் இதே வகைப் பொருளால்தான் செய்கிறார்கள். வெள்ளை என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது உணரியில் பதியும் ஒளியின் அளவை, குறைத்து, உச்சியில் முட்டாமல் படம் எடுக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் கவனம் தேவை.

பயன்படுத்தும் முறையில் நிறையப் பேர் தவறும் இடம், அட்டையை எங்கே பிடிப்பது என்பது. உங்கள் கையருகே பிடித்துப் பயனில்லை. படம் எடுக்கப்போகும் ஆளின் முகத்தருகே, அவர்மேல் விழும் அதே ஒளி அட்டையிலும் விழும்படி பிடிக்க வேண்டும். பளபளப்புத் தெரிந்தால் சற்றே சாய்க்கலாம். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அட்டைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. சட்டகம் நிறைய அட்டை வரும்படி ஒரு படம் எடுத்து, மெனுவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் என்ற இடத்தில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஒளி மாறும்வரை அதை மாற்ற வேண்டியதில்லை. பல கைப்பேசிகளில் ப்ரோ முறைக்குள் கெல்வின் எண்ணைக் கையால் நகர்த்தும் வசதி உண்டு. இல்லாதவற்றுக்குத் தனிச் செயலி வேண்டும். அட்டை நிறமற்றுத் தெரியும்வரை நகர்த்தி அங்கேயே நிறுத்திவிடலாம்.

முடிந்தால் ரா கோப்பாக எடுங்கள். முன்பு சொன்ன பெருக்கல் நடப்பதற்கு முந்தைய எண்கள் அதில் இருக்கும். அட்டை உள்ள ஒரு படத்தில் திருத்தும் செயலியின் சொட்டுக்குழல் கருவியால் அட்டையைத் தொட்டு, அதே அளவை அந்த நேரத்தில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் கொடுத்துவிடலாம். ஜேபெக்கில் பெருக்கலை முடித்து, ஒரு நிறத்துக்கு 256 படிகளாகச் சுருக்கி, மிச்சத்தைக் கேமரா எறிந்துவிடுகிறது. பெரிய தவறைப் பிறகு திருத்தப் போனால் வானம் பட்டை பட்டையாகும்.

எக்ஸ்போஷர் இன்னொரு வகையில் நிறத்தைக் கெடுக்கும். எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் பிரகாசத்துக்குக் கொண்டுவரும்படி கேமராவின் ஒளிமானி அமைந்திருக்கிறது. சட்டகம் முழுக்க உப்பு என்றால் அதையும் சாம்பலாக்கும். உப்பு அழுக்காகத் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதை வெண்சமநிலைக் கோளாறு என்று நினைத்துத் திருத்துவது வீண். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டுங்கள். உச்சியில் முட்டும் இடங்கள் திரையில் மினுக்கும்படி வைத்துக்கொண்டால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, திருத்தக் கூடாத நேரத்தையும் சொல்ல வேண்டும். விடிந்து பத்து நிமிடத்துக்குள் சாம்பல் அட்டையைக் காட்டிச் சமன்செய்தால் அந்தப் பொன்னிற ஒளியை வழித்துத் துடைத்து, பதினோரு மணிபோல ஆக்கிவிடும் கேமரா. கணக்கு சரி, படம் பொய். பொழுது விடியும்போதும் சாயும்போதும் நான் பகல் ஒளிக்குரிய 5200 முதல் 5500-க்குள் நிறுத்திவிடவே சொல்வேன். ஃபிலிம் காலத்தில் பகல் ஒளி ஃபிலிமுக்கு அந்தச் சமநிலை ஒன்றுதான் இருந்தது; காலை பொன்னாகவும் நிழல் நீலமாகவும் வந்ததை யாரும் பிழை என்று சொல்லவில்லை. அந்தப் பொன் உப்பின் நிறம் இல்லைதான். ஆனால் அந்த நேரத்தின் நிறம்.

தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை. உப்புச் செறிவு ஏறிய பாத்திகளில் உவர்நீரை விரும்பும் நுண்பாசிகளும் நுண்ணுயிரிகளும் பெருகினால் நீர் இளஞ்சிவப்பாகும். அந்தச் சிவப்புக்கு அவற்றிலுள்ள கரோட்டின் வகை நிறமிகள் காரணம். அதே வகை நிறமிகள் உணவு வழியே சேர்ந்துதான் பூநாரையின் இறகு சிவக்கிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஈரநிலத்தைத் தமிழ்நாடு அரசு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பூநாரைகள் அங்கும் உப்பளத்திலும் இறங்குவதுண்டு. தானியங்கி முறையில் எடுத்தால், சட்டகத்தில் பரந்து கிடக்கும் இளஞ்சிவப்பை ஒளியின் கோளாறு என்று எண்ணிக் கேமரா வெளுத்துவிடும். உண்மையான நிறம் ஒன்றை ‘சரி’ செய்து இழப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எனக்கு உப்பைவிட, பறவையைவிட முக்கியமாகப் படுவது உப்பளத்தில் நிற்கும் மனிதரின் தோல் நிறம். ‘நல்ல கலர்’ என்றால் நம் பேச்சில் வெளுப்பு என்று அர்த்தம். நிறம் என்ற சொல்லே ஒரே ஒரு நிறத்துக்குப் போய்விட்டது. கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் முகத்தை இரண்டு படி வெளுத்துக் கொடுப்பது பல ஸ்டூடியோக்களில் கேட்காமலே நடக்கிறது. கைப்பேசியின் அழகூட்டும் முறை அதைத் தானாகவே செய்கிறது. தொழில்நுட்பத்தின் வரலாற்றிலும் இந்தச் சாய்வு உண்டு. கோடாக் நிறுவனம் வண்ணப் பிரதிகளைச் சரிபார்க்கக் கடைகளுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் பெண்ணின் படமே இருந்தது. அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கரிய முகங்கள் எப்படி வந்தன என்று பார்க்க அளவுகோலே இல்லை. 2021-இல்தான் கூகுள் தன் பிக்சல் கைப்பேசியில் எல்லாத் தோல் நிறங்களுக்கும் ஏற்றதாக ஒரு முறையைப் பெயர் சூட்டிக் கொண்டுவந்தது.

வெள்ளை உப்பின் நடுவே வெயிலில் காய்ந்த கரும்பழுப்புத் தோல். படமெடுக்கக் கடினமான காட்சிகளில் ஒன்று இது. ஒளிமானி உப்பைப் பார்த்து எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகம் நிழலுருவமாகிவிடும். முகத்துக்கு அளந்து, உப்பு ஓரிரு இடத்தில் வெளுத்துப்போனாலும் போகட்டும் என்று விடுங்கள். இதில் உப்பே ஓர் உதவியும் செய்கிறது. கீழிருந்து ஒளியைத் திருப்பி, கூடையின் நிழல் விழுந்த முகத்தில் வெளிச்சம் ஏற்றுகிறது. ஆனால் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தால் அதுவும் முகத்தில் ஏறும். இரண்டடி தள்ளி நின்றால் தீரும். அவர் ஓலை நிழலில் நிற்க, பின்னால் வெயிலில் உப்பு இருந்தால் இரண்டு ஒளிக்கும் சேர்த்து ஒரே சமநிலை கிடைக்காது. முகத்துக்கு வையுங்கள். பின்னாலிருக்கும் உப்பு கொஞ்சம் மஞ்சளானால் யாருக்கும் நட்டமில்லை.

முகம் சரியாக வந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நடுநிலையான ஒளியில் மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதன் எண்களில் சிவப்பு அதிகம், அடுத்தது பச்சை, கடைசியில் நீலம். திருத்தும் செயலியில் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். நீலம் பச்சையை எட்டிவிட்டால் படம் நீலத்தில் சாய்ந்திருக்கிறது. பழுப்புத் தோலில் அது சாம்பல் பூத்ததுபோல, நோய்ப்பட்டதுபோலத் தெரியும். உப்பு எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அந்தப் படத்தை நான் சரி என்று சொல்லமாட்டேன்.

இருட்டிய பிறகு சாலையில் பழைய சோடியம் விளக்கு எரிந்தால் வேறு கதை. குறைந்த அழுத்த சோடியம் விளக்கின் ஒளி ஏறத்தாழ முழுக்க 589 நானோமீட்டரில் குவிந்த ஒரே மஞ்சள். அடுப்புச் சுடரில் உப்பைத் தூவினால் சீறும் அதே மஞ்சள். அந்த ஒளியில் நீலமோ பச்சையோ இல்லாததால் எந்தச் சமநிலையாலும் அவற்றை வரவழைக்க முடியாது. உயர் அழுத்த வகையில் ஓரளவு மீட்கலாம். எல்இடியில் கெல்வின் எண் சரியாக இருந்தும் பச்சைச் சாய்வு வருவதுண்டு. டிண்ட் என்று இன்னொரு நகர்த்தி இருப்பது அதற்காகத்தான்.

கடைசியாக, பார்க்கும் திரை. கைப்பேசியின் இரவு நேரக் கண் பாதுகாப்பு முறையை அணைத்துவிட்டு, வண்ணத்தைப் பகட்டாக்கும் முறையையும் மாற்றிவிட்டுத்தான் திருத்த உட்கார வேண்டும். பெரும்பாலான திரைகளின் வெள்ளை 6500 கெல்வினை ஒட்டி அமைந்தது. மஞ்சளான திரையில் திருத்தினால் நீலத்தை அள்ளிப் போட்டுவிடுவீர்கள்.

தையிலிருந்து வடகிழக்குப் பருவமழைவரை மரக்காணத்தில் உப்பு விளையும். அந்தப் பக்கம் போகும்போது டேப் சுற்றிய அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அட்டையையும் அவர்கள் கையிலேயே கொடுத்து முதல் படத்தை எடுங்கள். கிளம்புவதற்கு முன் திரையை அவர்களிடம் காட்டி, கட்டியிருக்கும் சேலையின் நிறம் இதுதானா, முகம் இப்படித்தானா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே இன்னொரு படம் எடுங்கள்.